"எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள்": பெரிய நிறுவனத்திலிருந்து ஆள் எடுத்த கதை

எங்கள் விற்பனைத் தலைவர் வேலைக்குச் சேர்ந்து ஒன்பதாவது நாள். என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கிடங்கு நிறுவனத்தின் வரவேற்பு எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தார். தன் பெயரைச் சொன்னார், எங்கள் நிறுவனத்தின் பெயரைச் சொன்னார், கொள்முதல் மேலாளரிடம் பேச வேண்டும் என்றார். மறுமுனையில் ஒரு நொடி சத்தமில்லை. பிறகு, "எந்தக் கம்பெனி? எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள்" என்று ஒரு பெண் கேட்டது எனக்கும் காதில் விழுந்தது. அவர் எழுத்துக்கூட்டினார். மூன்றாவது எழுத்தில் தடுமாறி மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். "மின்னஞ்சல் அனுப்புங்கள், பார்க்கிறோம்" என்று சொல்லி அந்தப் பெண் வைத்துவிட்டார்.

அவர் கைபேசியைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தார். விற்பனையில் 18 ஆண்டுகள் இருந்தவர். அத்தனை ஆண்டுகளில் தன் நிறுவனத்தின் பெயரை யாருக்கும் எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டிய தேவையே அவருக்கு வந்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். அடுத்த நான்கு மாதங்களில் முன்பின் தெரியாத ஒருவரைக்கூட அவர் தானாக அழைக்கவில்லை. ஐந்தாம் மாத முடிவில் விலகிப் போனார்.

கிடங்குகளில் எந்தச் சரக்கு எந்த அடுக்கில் எத்தனை இருக்கிறது என்று கணக்கு வைக்கும் மென்பொருளை நாங்கள் செய்கிறோம். அவரை எடுத்தபோது நாங்கள் 14 பேர், வாடிக்கையாளர்கள் 11. அதற்குப் பிறகான ஆறு ஆண்டுகளில், அவரையும் சேர்த்து, பெரிய நிறுவனங்களிலிருந்து 9 பேரை எடுத்திருக்கிறேன். 4 பேர் ஓராண்டுக்குள் போய்விட்டார்கள். 2 பேர் ஏதோ பரவாயில்லை. மீதி 3 பேர் வந்திராவிட்டால் நிறுவனம் இன்று இருந்திருக்காது. இந்தக் கணக்கை வைத்துப் பெரிய விதி எதையும் சொல்லிவிட முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த 4 பேரை எடுத்ததில் நான் செய்த தவறு நான்கு முறையும் ஏறக்குறைய ஒன்றேதான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

விற்பனைத் தலைவரை நான் எடுத்த விதத்தைக் கேளுங்கள். முதலீட்டாளர்களில் ஒருவர் ஒவ்வொரு கூட்டத்திலும் "அனுபவசாலி ஒருவரைக் கொண்டுவாருங்கள்" என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். அனுபவசாலி என்றால் எதில் அனுபவம் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இவருடைய விண்ணப்பம் வந்ததும், அதில் இருந்த நிறுவனத்தின் பெயரைப் பார்த்தே நான் பாதி முடிவு செய்துவிட்டேன். நேர்காணல் என்று நடந்ததில் முக்கால்வாசி நேரம் பேசியது நான்தான். எங்கள் நிறுவனம் எவ்வளவு பெரிதாக வரப்போகிறது என்று அவருக்கு விற்றுக்கொண்டிருந்தேன். அவர் பேசிய கால்வாசியில், "நாங்கள் ஒரே ஆண்டில் அந்தப் பிரிவின் விற்பனையை இரட்டிப்பாக்கினோம்" என்றார். அந்த "நாங்கள்" யார் யார் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. 14 பேர் உள்ள இடத்தில் அவருக்குத் துணைத் தலைவர் என்று பதவியும் கொடுத்தேன். அதில் இன்னொரு சிக்கல் இருந்தது. பின்னால் அவரைவிட மூத்த ஒருவர் தேவைப்பட்டால் மேலே கொடுக்க என்னிடம் நாற்காலியே மிச்சமில்லை.

சேர்ந்த முதல் வாரத்தில் அவர் என்னிடம் கேட்ட கேள்விகளை இப்போது நினைத்தால் எனக்கு அவர்மேல் இரக்கம்தான் வருகிறது. விளக்கப் படங்களைத் தயாரிப்பது எந்தக் குழு? மென்பொருளை வாடிக்கையாளருக்கு இயக்கிக் காட்ட யார் வருவார்கள்? தள்ளுபடி எவ்வளவு வரை தரலாம் என்று யாரிடம் கேட்க வேண்டும்? ஒப்பந்தத்தை எந்த வழக்கறிஞர் பார்ப்பார்? எல்லாக் கேள்விக்கும் என் பதில், "நீங்கள்தான், அல்லது நான்." அப்படிச் சொல்வதில் எனக்கு அப்போது ஒரு பெருமை வேறு.

அவரைச் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். தினமும் பத்து மணி நேரம் உழைத்தார். விற்பனை வியூகம் என்று 60 பக்க ஆவணம் எழுதினார். 42 பக்கத்துக்கு ஒரு மாதிரி ஒப்பந்தம் தயாரித்தார். எங்களுடைய அப்போதைய ஒப்பந்தம் ஒன்றரைப் பக்கம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு மதிப்பாய்வுக் கூட்டம் நடத்தினார். எந்தெந்த வேலைக்காகப் பழைய இடத்தில் பாராட்டுப் பெற்றாரோ அதையெல்லாம் இங்கேயும் ஒழுங்காகச் செய்தார். அங்கே விளம்பரப் பிரிவு விசாரணைகளைக் கொண்டுவந்து கொடுக்கும். பொறியாளர்கள் போய் இயக்கிக் காட்டுவார்கள். சட்டப் பிரிவு தாள்களைப் பார்த்துக்கொள்ளும். வாடிக்கையாளர் கிட்டத்தட்ட மனம் இசைந்த பிறகு, விலை பேசி முடிக்கிற கடைசிக் கட்டம் இவருடையது. அந்தக் கட்டத்தில் அவருக்கு நிகரான ஆளை நான் இன்றுவரை பார்த்ததில்லை. எங்களிடம் அதற்கு முந்தைய கட்டங்கள் ஒன்றுமே இல்லை. வெறுங்கையால் முழம் போடு என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். போடவில்லை என்று அவர்மேல் கோபமும் பட்டிருக்கிறேன்.

அவர் போன பிறகு ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். நேர்காணலுக்கு வருகிறவரிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து நடுவில் தன் பெயரை எழுதச் சொல்வேன். பிறகு, அவர் பெருமைப்படுகிற வேலை ஒன்றை நினைத்துக்கொண்டு, அது முடிவதற்கு யாருடைய கையெல்லாம் பட்டதோ அத்தனை பேரையும் சுற்றிலும் கட்டம் போட்டு எழுதச் சொல்வேன். ஒருவர் 23 கட்டங்கள் போட்டார். போட்டு முடித்துவிட்டுத் தாளைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அதன்பின் நான் கேட்பது ஒன்றுதான்: "இதில் 20 கட்டங்கள் எங்களிடம் இல்லை. அந்த இருபதில் எவற்றை நீங்களே செய்வீர்கள், எவற்றைச் செய்யாமலே விட்டுவிடலாம்?" இதற்குச் சரியான பதில் என்று எதுவும் கிடையாது. ஆனால் கேள்வியைக் கேட்டதும் சிலருடைய முகம் மலரும், சிலருடைய முகம் சுண்டும். சுண்டியவர்களில் ஒருவரை ஆசைப்பட்டு எடுத்தேன். அந்த 4 பேரில் அவரும் ஒருவர்.

பொறியாளர்கள் விஷயத்தில் இந்தக் கட்டங்கள் கண்ணுக்கே தெரியாது; ஆட்களுக்குப் பதில் கருவிகளாக இருக்கும். பொதுவெளியில் தெரிந்த எடுத்துக்காட்டு ஒன்றைச் சொல்கிறேன். கூகுள் பொறியாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஒரு கட்டுரையின்படி, அந்த நிறுவனத்தின் நிரல்களில் பெரும்பகுதி ஒரே களஞ்சியத்தில் கிடக்கிறது: ஏறக்குறைய 200 கோடி வரிகள், அதில் வேலை செய்பவர்கள் 25,000 பேர். அப்படி ஒரு களஞ்சியத்தில் தேடவும், சோதிக்கவும், ஒருவர் செய்த மாற்றம் இன்னொருவருடையதை உடைக்காமல் பார்த்துக்கொள்ளவும் தனித்தனிக் குழுக்கள் ஆண்டுக்கணக்கில் கருவிகள் செய்து வைத்திருக்கின்றன. அங்கே ஒருவர் காலையில் எழுதிய நிரல் மாலைக்குள் பத்திரமாக வெளியே போகிறதென்றால், அதில் அவருடைய திறமை எவ்வளவு, அந்தக் கருவிகளின் திறமை எவ்வளவு என்று அவருக்கே தெரியாது. நீர் இருக்கிறது என்று மீன் யோசிப்பதில்லை.

எங்களிடம் வந்த பொறியாளர் எந்த நிறுவனத்திலிருந்து வந்தார் என்பது இங்கே வேண்டாம். மிகக் கெட்டிக்காரர். வந்ததும் எங்கள் இரண்டு சர்வர்களைப் பார்த்து அதிர்ந்துபோனார். முதல் மூன்று மாதங்களை அவற்றைச் சீர்படுத்துவதிலேயே செலவிட்டார். கூபர்நெட்டிஸ் என்ற மென்பொருளைக் கொண்டுவந்தார். ஆயிரக்கணக்கான கணினிகளில் வேலையைப் பகிர்ந்து ஓட்டுவதற்குக் கூகுள் தனக்குள் வைத்திருந்த போர்க் என்ற அமைப்பின் அனுபவத்திலிருந்து பிறந்து, 2014-ல் வெளியுலகுக்கு வந்தது அது. எங்களுக்கு இருந்ததோ இரண்டு சர்வர்கள், 11 வாடிக்கையாளர்கள். குருவி தலையில் பனங்காய். அந்த மூன்று மாதமும் ஒரு வாடிக்கையாளரின் பார்கோடு அச்சுப்பொறி, ஒவ்வொரு ஐம்பதாவது சீட்டையும் பாதியில் வெட்டிக்கொண்டிருந்தது. அது அவருடைய பட்டியலில் பதினேழாவது இடத்தில் இருந்தது.

நான் கத்தியிருக்கலாம். விற்பனைத் தலைவர் விஷயத்தில் கத்திப் பார்த்துவிட்டதால் இந்த முறை வேறொன்று செய்தேன். இரண்டு வாரங்களுக்கு வாடிக்கையாளர் உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளை அவரையே எடுக்கச் சொன்னேன். முதல் நாளே அந்த அச்சுப்பொறிக்காரர் அழைத்தார். திட்டவில்லை. "ஐம்பதாவது சீட்டு வரும்போது நானே கையால் பிடித்துக்கொள்கிறேன், பழகிவிட்டது" என்றார். பொறியாளர் அன்று மாலையே அதைச் சரிசெய்துவிட்டார். பிரச்சினை நான்கு வரிகளில் இருந்தது. இப்போது எங்களிடம் ஐந்தாவது ஆண்டாக இருக்கிறார். நான் சொன்ன மூன்று பேரில் ஒருவர். கூபர்நெட்டிஸைக் கழற்றியதும் அவர்தான். வாடிக்கையாளர்கள் எண்ணிக்கை முந்நூறைத் தாண்டியபோது மறுபடியும் கொண்டுவந்ததும் அவர்தான்.

அன்றிலிருந்து யார் வந்தாலும், எந்தப் பதவியில் வந்தாலும், முதல் இரண்டு வாரம் உதவி எண்ணில்தான் உட்கார வேண்டும். ஒருவர் இதைக் கேட்டுவிட்டு வேலையை மறுத்துவிட்டார். எனக்கு அதில் வருத்தமில்லை.

பெரிய நிறுவனத்து ஆட்கள் சின்ன இடத்துக்குச் சரிப்பட மாட்டார்கள் என்று பொதுவாகச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நானே ஓராண்டு காலம் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தப் பேச்சைக் கைவிட வைத்தது மெக் விட்மன் என்பவரின் தொழில் வரலாறு. ஹாஸ்ப்ரோ என்ற பெரிய பொம்மை நிறுவனத்தில் ஒரு பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர், 1998-ல் ஈபே என்ற இணைய விற்பனைத் தளத்துக்குத் தலைமையேற்க வந்தார். அப்போது அங்கே சுமார் 30 பேர்தான். 2008-ல் அவர் விலகியபோது ஏறக்குறைய 15,000 பேர். பிறகு ஹியூலெட் பேக்கார்ட் என்ற பெரிய கணினி நிறுவனத்தை நடத்திவிட்டு, 2018-ல் குவிபி என்ற புதிய நிறுவனத்தின் தலைமைக்கு வந்தார். சில நிமிடங்களே ஓடும் நிகழ்ச்சிகளைக் கைபேசியில் காட்டும் சேவை அது. 175 கோடி டாலர் முதலீடு திரட்டினார்கள். 2020 ஏப்ரலில் சேவை தொடங்கியது. அக்டோபரில் மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். பெருந்தொற்றுக் காலம் வேறு, உண்மைதான். ஆனாலும் ஆள் ஒருவரே. இரண்டு முறையும் பெரிய இடத்திலிருந்துதான் வந்தார். இரண்டாம் முறை அனுபவம் இன்னும் கூடுதல்.

எனக்குப் படுகிற வேறுபாடு இது. அவர் சேர்ந்தபோது ஈபேயில் மக்கள் ஏற்கெனவே வாங்கிக்கொண்டும் விற்றுக்கொண்டும் இருந்தார்கள். வருகிற கூட்டத்தைத் தாங்குவதுதான் அங்கே பிரச்சினை. 1999 ஜூனில் அந்தத் தளம் 22 மணி நேரம் முடங்கியே போனது. அதன்பின் விட்மன் செய்ததும் பெரிய நிறுவனத்திலிருந்து ஆள் எடுத்ததுதான்: கேட்வே என்ற கணினி நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்பத் தலைவராக இருந்த மேனார்ட் வெப், அதே ஆண்டு ஈபேயின் தொழில்நுட்பப் பொறுப்புக்கு வந்தார். ஓடுகிற வண்டி, நிற்காமல் ஓட வேண்டும். அதைச் செய்து பழகியவர் தேவை. குவிபியில் யாருக்கு இது வேண்டும் என்ற கேள்விக்கே விடை கிடைக்கவில்லை. பணமும் அமைப்பும் முதலிலேயே வந்துவிட்டன, கேட்பவர்கள்தான் வரவில்லை.

இதை என் மேசையில் வைத்துப் பார்த்தேன். விற்பனைத் தலைவரை எடுத்தபோது எங்கள் மென்பொருளை யார் வாங்குவார்கள், ஏன் வாங்குவார்கள் என்று எனக்கே தெளிவில்லை. இருந்த 11 பேரில் 6 பேர் எனக்குத் தெரிந்தவர்கள் என்பதால் வாங்கியவர்கள். அதைக் கண்டுபிடிப்பது நிறுவனர் வேலை. கூச்சப்படாமல் நூறு கதவுகளைத் தட்டியிருக்க வேண்டும். அந்தக் கூச்சத்தைத் தவிர்க்கத்தான் நான் ஒரு பெரிய பெயரை விலைக்கு வாங்கப் பார்த்தேன். இதை ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு ஆண்டு ஆனது.

சரியாக அமைந்த ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் செயல்பாட்டுத் தலைவி. மிகப் பெரிய நிறுவனத்திலிருந்து வந்தவர்தான், ஆனால் அங்கே அவர் இருந்தது தலைமையகத்திலிருந்து வெகுதூரத்தில் புதிதாகத் தொடங்கிய ஒரு கிளையில். மூன்று பேரோடு ஆரம்பித்து நான்கு ஆண்டுகள் நடத்தியிருக்கிறார். விண்ணப்பத்தில் இது ஒரு வரிதான் இருந்தது. தாளைக் கொடுத்ததும் நான்கு கட்டங்கள் போட்டுவிட்டு நிமிர்ந்து, "இதில் யார் வராத நாளில் நான் என்ன செய்தேன் என்றும் எழுதவா?" என்று கேட்டார். பெரிய நிறுவனங்களுக்குள் இப்படிச் சின்ன நிறுவனங்கள் நிறைய ஒளிந்திருக்கின்றன. புதிய கிளை, கைவிடப்பட்ட பிரிவு, யாரும் விரும்பாத பொருள். அங்கிருந்து வருபவர்களைத் தேடிப் பிடியுங்கள்.

முதல் வாரமே ஒரு வாடிக்கையாளரின் கிடங்குக்கு இரவுப் பணி நேரத்தில் போனார். கணக்கு ஒத்துப்போவதில்லை என்று அந்த இடத்திலிருந்து ஓயாமல் புகார். வேலையாட்கள் ஒழுங்காக ஸ்கேன் செய்வதில்லை என்று நாங்கள் பதில் எழுதிக்கொண்டிருந்தோம். அவர் அங்கே நான்கு மணி நேரம் நின்று பார்த்திருக்கிறார். ஸ்கேன் சரியாகப் பதிந்தாலும் "பீப்" என்று ஒரு சத்தம். பதியாவிட்டாலும் அதே சத்தம். திரையில் மட்டும் சின்ன எழுத்தில் பிழை என்று வரும். இரண்டு கையிலும் பெட்டியைப் பிடித்துக்கொண்டிருப்பவர் திரையை எங்கே பார்ப்பார்? திரும்பி வந்து, பதியாவிட்டால் கருவி இரண்டு முறை அதிர வேண்டும், திரை முழுவதும் சிவக்க வேண்டும் என்றார். அரை நாள் வேலை. மூன்று ஆண்டுகளாக நாங்கள் அந்த இடத்துக்குப் போகவே இல்லை.

ஆனால் அவர் கொண்டுவந்ததில் எனக்கு மிகவும் மதிப்பாகத் தோன்றுவது வேறு, அது முழுக்கப் பெரிய நிறுவனத்துச் சொத்து. ஓர் இரவு நாங்கள் வெளியிட்ட புதிய பதிப்பு, பெட்டிக் கணக்கையும் தனி எண்ணிக்கைக் கணக்கையும் குழப்பிவிட்டது. ஒரு பெட்டிக்கு 12 என்று வைத்திருந்த மூன்று வாடிக்கையாளர்களுடைய சரக்கெல்லாம் விடிவதற்குள் திரையில் பன்னிரண்டு மடங்காகப் பெருகியிருந்தது. எங்கள் வழக்கம் என்னவென்றால், ஒருவரையொருவர் திட்டிக்கொள்வோம், வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்போம், மறந்துவிடுவோம். அவர் எல்லாரையும் உட்கார வைத்து, எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்று நிமிட வாரியாக எழுத வைத்தார். ஒரே நிபந்தனை, யார் பெயரும் வரக்கூடாது. "வெளியிட்டவர்", "கவனித்தவர்" என்றுதான் எழுத வேண்டும். எழுதி முடித்தபோது தெரிந்தது: சோதனை செய்யும் கணினிக்கான கடவுச்சொல் ஒரே ஒருவரிடம்தான் இருந்தது, அவர் அன்று விடுப்பில் இருந்தார், அதனால் அந்தக் கட்டத்தையே தாண்டிப் போயிருக்கிறார்கள். கெட்ட எண்ணமும் இல்லை, அலட்சியம்கூட இல்லை. அடுத்த நாள் மூன்று பேரிடம் கடவுச்சொல் இருந்தது. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் இடங்கள் இப்படிப்பட்ட வழக்கங்களை எவ்வளவோ அடிபட்டுத்தான் கற்றிருக்கும். அந்த அடியைப் படாமலேயே எங்களுக்கு அது கிடைத்தது. பெரிய இடத்திலிருந்து ஆள் எடுப்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

விசாரிப்பது பற்றி ஒரு வார்த்தை. பழைய மேலதிகாரியிடம் கேட்காதீர்கள், நல்லதாகத்தான் சொல்வார். வேறு பிரிவில் இருந்து இவரோடு மல்லுக்கட்டியவர், இவருக்குக் கீழே வேலை பார்த்தவர், இவர்களைக் கேளுங்கள். எங்கள் விற்பனைத் தலைவரைப் பற்றி விசாரித்தபோது ஒருவர் என்னிடம், "அவர் இருந்தால் கூட்டம் மிக நன்றாக நடக்கும்" என்று சொன்னார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்ட புத்திசாலி நான்.

சம்பளப் பேச்சில் மறைக்கவே கூடாது. பெரிய நிறுவனத்தில் ஒருவருக்குக் கிடைக்கும் பங்குகள், பங்குச் சந்தையில் அன்றன்றைக்கு விற்றுக் காசாக்கக்கூடியவை. நாங்கள் தருவது பங்கு வாங்கும் உரிமை மட்டும். பரவலான வழக்கப்படி நான்கு ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொந்தமாகும். முதல் ஆண்டு முடிவதற்குள் விலகினால் ஒன்றும் கிடையாது. சொந்தமான பிறகும் அதை வாங்கக் கையிலிருந்து பணம் கட்ட வேண்டும். கட்டி வாங்கியதை விற்க ஆள் கிடைக்காமலும் போகலாம். இரண்டையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, "இன்று இது கோடியாகத் தெரிகிறது, நாளை பூஜ்யமாகலாம்" என்று சொல்லித்தான் இப்போது பேச்சையே தொடங்குகிறேன். வங்கியில் எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது என்பதையும் காட்டிவிடுகிறேன். ஒருமுறை அந்த எண் 8 என்று இருந்தது. அதைப் பார்த்த ஒருவர், "வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்று போனார். மறுநாள், வேலையில் சேரவில்லை என்று எழுதினார். சேர்ந்து மூன்றாம் மாதம் அவருக்கு அது தெரியவந்திருந்தால் இருவருக்கும் நஷ்டம்.

ஒருவர் முதல் நாளே சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து என் மேசையில் வைத்தார். பழைய இடத்தின் வாடிக்கையாளர் பட்டியல். கணினியில் செருகவே விடாமல், அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். எனக்கு ஆசை இல்லாமலில்லை. ஆனால் வாடகைக் கார் நிறுவனமான ஊபர் மீது, ஓட்டுநரில்லாக் கார்களை உருவாக்கும் வேமோ நிறுவனம் போட்ட வழக்கு மனதில் வந்தது. தன்னிடமிருந்து விலகிப் போன பொறியாளர் 14,000 கோப்புகளை எடுத்துப் போனதாகச் சொல்லி 2017-ல் தொடுத்த வழக்கு அது. மறு ஆண்டு ஊபர் சுமார் 24.5 கோடி டாலர் மதிப்புள்ள தன் பங்குகளைக் கொடுத்துத்தான் முடித்துக்கொண்டது. அவர்களால் கொடுக்க முடிந்தது. எங்களுக்கு வழக்கறிஞரின் முதல் கடிதத்துக்குப் பதில் எழுதவே பணம் போதாது. இப்போது வேலைக்கான கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: பழைய இடத்திலிருந்து உங்கள் தலைக்குள் இருப்பதைத் தவிர வேறெதையும் கொண்டுவராதீர்கள்.

இனி என் பக்கத்துத் தவறுகள். விற்பனைத் தலைவர் விலகும் நாளில் நாங்கள் இருவரும் அரை மணி நேரம் பேசினோம். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "நான் சேர்ந்தபோது, மூன்று மாதத்தில் என்னிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதித் தந்திருக்கலாமே?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. எழுதியிருந்தால் "முன்பின் தெரியாத 50 நிறுவனங்களை நீங்களே அழைக்க வேண்டும், படங்களை நீங்களே தயாரிக்க வேண்டும், உதவிக்கு ஆள் இல்லை" என்று எழுதியிருக்க வேண்டும். அதைப் படித்திருந்தால் அவர் வந்திருக்கவே மாட்டார். அது தெரிந்துதான் நான் எழுதவில்லையோ என்னவோ.

இன்னொன்றும் கேட்டார்: "நான் விலை பேசிக்கொண்டிருந்த இரண்டு இடங்களில் நீங்கள் எனக்குத் தெரியாமல் தள்ளுபடி கொடுத்தீர்கள். ஏன்?" அதுவும் உண்மை. மாதக் கடைசி, பொறுக்க முடியவில்லை, நேரே அழைத்துக் கொடுத்துவிட்டேன். அவருக்கு மிக நன்றாகத் தெரிந்த ஒரே வேலையில் குறுக்கே விழுந்து கெடுத்ததும் நான்தான். அனுபவசாலியை எடுத்துவிட்டு அவர் அனுபவத்தை நம்பாமல் இருப்பது என்னைப் போன்ற நிறுவனர்களிடம் சாதாரணமாகக் காணும் நோய். இப்போது ஒவ்வொரு ஆளுக்கும் அந்த ஒரு தாளை எழுதுகிறேன். அதன் கீழே, "இந்த முடிவுகளை என்னிடம் கேட்காமல் நீங்களே எடுக்கலாம்" என்று ஒரு சிறு பட்டியலும் இருக்கும். பட்டியலை மீறி நான் மூக்கை நுழைத்தால் எல்லார் முன்னாலும் சுட்டிக்காட்டலாம் என்றும் சொல்லியிருக்கிறேன். மூன்று முறை சுட்டிக்காட்டியிருக்கிறார்கள்.

அவர் மறுபடியும் ஒரு பெரிய நிறுவனத்துக்கே போய்விட்டார். நாங்கள் அவ்வப்போது பேசிக்கொள்வதுண்டு. அவர் போய் இரண்டரை ஆண்டு கழித்து, நாடு முழுவதும் கிடங்குகள் வைத்திருக்கும் ஒரு நிறுவனம் முதல்முறையாக எங்கள் மென்பொருளைக் கேட்டு வந்தது. அவர்களுடைய கொள்முதல் பிரிவிலிருந்து ஒரு மின்னஞ்சல்: தரவுப் பாதுகாப்பு, பொறுப்பு வரம்பு, சேவை நிற்கும் நேரத்துக்கான இழப்பீடு, இவையெல்லாம் அடங்கிய ஒப்பந்த வரைவை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவும். எங்கள் ஒன்றரைப் பக்கத்தில் இதில் எதுவும் கிடையாது. பழைய கோப்புகளைத் துழாவியபோது, ஒரு காலத்தில் நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து கேலி செய்த அந்த 42 பக்க ஒப்பந்தம் கிடைத்தது. படித்துப் பார்த்தேன். அவர்கள் கேட்ட அத்தனையும் அதில் இருந்தது, கேட்காத சிலவும் இருந்தன.

அன்று இரவே அவரை அழைத்தேன். பழையதைப் பேசி மன்னிப்புக் கேட்கலாம் என்று தொடங்கினேன். அவர் அதைக் கேட்டுக்கொள்ளாமல், எதிர்த் தரப்பு யார், எத்தனை கிடங்குகள், யார் கையெழுத்துப் போடுவார் என்று வரிசையாக விசாரித்தார். ஒரு மணி நேரம் பக்கம் பக்கமாகப் பார்த்தோம். "எட்டாவது பிரிவில் இழப்பீட்டுக்கு மேல்வரம்பு போடுங்கள், மற்றதைத் தொடாதீர்கள். தள்ளுபடி கேட்பார்கள், திங்கட்கிழமை வரை வாயைத் திறக்காதீர்கள்" என்றார். எட்டாவது பிரிவை மாற்றி அனுப்பினேன். வெள்ளிக்கிழமையே தள்ளுபடி கேட்டு அழைத்தார்கள். நான் கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, அது அடித்து ஓயும் வரை உட்கார்ந்திருந்தேன்.